கட்டிலுக்கு அடியில் ஃபேன்

பெங்களூரில் ஃபேனே தேவையில்லை என்பது, என் அப்பா வேலூருக்கு போனில் அவிழ்த்துவிட்ட பொய். வருஷா வருஷம் ஏப்ரல் வந்தால் பெரியப்பா அங்கிருந்து வெயிலைத் திட்டுவார், அப்பா இங்கிருந்து குளிரைப் புகழ்வார். "கம்பளி இல்லாம படுக்க முடியலண்ணா" என்பார், ஈஜிபுராவில் எங்கள் மொட்டைமாடி ஷீட் வீட்டில், பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க. அண்டப்புளுகு.

எனக்கு ஒன்பது வயதில் அந்தப் புளுகுக்குப் பரீட்சை வந்தது. "ஷீட்டு வீட்ல பொண்டாட்டி புள்ளைய வச்சிக்கினு வேகுறயாமே? ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன். நீ சொன்ன மாதிரி இல்லன்னா மூட்டையக் கட்டிக்கினு வந்துடு. நம்ம கடையில உக்காரு" என்றார் பெரியப்பா. அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் பேச்சை அப்பா தட்டியதே கிடையாது. அம்மாவுக்கு அப்போதுதான் தெருக்கோடி நர்சரியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எனக்கோ உயிர்த்தோழிகள் இரண்டு பேர், இரண்டு பேரும் இதே தெரு. பெரியப்பாவுக்குக் குளிர வேண்டும் சாமி, அவ்வளவுதான் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஃபேன் இருந்தால்தானே கேள்வி வரும் என்பது அவர் கணக்கு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்க. ஃபேன் இல்லாம அவரு வெந்துட மாட்டாரா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாத்தானே வேகுவாரு?" என்றேன் நான்.

ஒருமுறை அம்மாவோடு ஏசி பஸ்ஸில் போய்ப் பல் கிடுகிடுத்தது எனக்கு நினைவிருந்தது. கண்டக்டரிடம் நாள் பாஸ் வாங்கிவிட்டால் அன்று முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். சொன்னதுதான் தாமதம், அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

ஞாயிறு காலையில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பாவின் பேச்சை நம்பி ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். கைகால் கழுவக்கூட விடாமல் வைட்ஃபீல்டு போகும் ஏசி பஸ்ஸில் ஏற்றினோம். ஊர் சுற்றிக் காட்டுகிறோமாம்! போனோம். இறங்காமல் திரும்பினோம். மறுபடியும் போனோம். புளியோதரையைப் பஸ்ஸிலேயே சாப்பிட்டோம். இரண்டாவது முறை ஹெப்பாள் பக்கம், மூன்றாவது முறை மறுபடியும் வைட்ஃபீல்டு. முதலில் பார்த்த அதே கண்டக்டர் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போய், "மனே இல்வா சார்?" என்று கேட்டார். வீடு வாசல் இல்லையா என்று அர்த்தம். நல்லவேளை, பெரியப்பாவுக்குக் கன்னடம் தெரியாது.

பெரியம்மா சால்வைக்குள் சுருண்டுவிட்டாள். பெரியப்பா ஸ்வெட்டர் பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, "இன்னாடா ஊரு இது, நடுமத்தியானத்துல நடுங்குது!" என்றார். அப்பா என் தொடையைக் கிள்ளினார். எனக்கு வலிக்கவே இல்லை.

எல்லாவற்றையும் பெரியம்மா கெடுத்தாள். "இவ்ளோ தூரம் வந்துட்டு வீட்டப் பாக்காம போவனா? நல்லாருக்குதே!" என்று பிடிவாதமாக நின்றாள். வேறு வழியில்லை. நாலு மணிக்கு எங்கள் மாடிப்படி ஏறினோம். காலையிலிருந்து காய்ந்த ஷீட், உள்ளே நுழைந்தவுடன் அனலை முகத்தில் வீசியது. அப்பாவின் முகம் செத்துப்போனது. சரி, வேலூர்தான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்வெட்டரைக் கையில் வைத்திருந்த பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். இரும்புக் குழாயிலிருந்து இரண்டு ஒயர், நுனியில் புது டேப். பையைக் கீழே வைக்கக் குனிந்தார். அப்படியே கொஞ்ச நேரம் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா மேசைமேல் அடுக்கியிருந்த நர்சரிப் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினார்.

"டீச்சரம்மா, சூடா ஒரு காப்பி குடும்மா" என்றார். சொல்லிவிட்டு ஸ்வெட்டரை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "எப்பா, பஸ்ஸவிட இங்கதான்டா குளுரு ஜாஸ்தி. எனக்கெல்லாம் இது ஒத்துக்காது. நீ இங்கயே இருடா."

நான் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் வெறுங்காலோடு குதித்தேன். தரை சுட்டது. சுட்டால் சுடட்டும், ஜெயித்துவிட்டோம்! என் யோசனை, என் பஸ், என் பெங்களூர்!

அவர்களை ஊருக்குப் பஸ் ஏற்றிவிடும்போது பெரியப்பா ஸ்வெட்டரைக் கழற்றி அப்பா கையில் திணித்தார். "குளுர்ற ஊர்ல இருக்குறவன், நீயே வச்சிக்கோ." வீட்டுக்கு வந்து நான் அதை வாங்கிப் பார்த்தேன். முதுகுப்பக்கம் பிழிந்தால் சொட்டும்போல நனைந்திருந்தது. பஸ் ஏசியில் தண்ணீர் ஒழுகியிருக்கும் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். அம்மா அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள்.

அப்பா ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, ஃபேனை எடுத்து மாட்டாமல், அந்தப் புழுக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவர் எதற்குக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வியர்வை என்றுதான் நினைத்தேன்.