ரோமாபுரி எரிந்த அன்று நீவெஸுக்கு நடந்தது

ஈஸ்டர் வந்தால் ரோமாபுரி எரிகிற அந்தப் படத்தை இன்றைக்கும் போடுகிறார்கள். என்ன பிரம்மாண்டம், என்ன கூட்டம் என்று வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். எனக்கோ வயிறு எரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தி எங்கள் நீவெஸ்.

நாங்கள் இருவரும் போலா என்கிற துறைமுக ஊர்க்காரிகள். உலகப்போர் முடிந்ததும் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் ஊரை வேறு நாட்டுக்குத் தாரை வார்த்தார்கள். கொட்டும் பனியில் கப்பலேறினோம். அவரவர் கட்டிலையும் அலமாரியையும் ஏற்றினார்கள். சிலர் செத்தவர்களின் பெட்டியைக்கூடத் தோண்டி எடுத்து வந்தார்கள். நீவெஸ் தூக்கி வந்தது ஒரு தையல் மிஷின். கையால் சுற்றுகிற மிஷின். புருஷன் போருக்குப் போனவன் திரும்பவில்லை, பிள்ளையும் கிடையாது. அந்த மிஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அரசாங்கம் எங்களைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம் ரோமுக்கு வெளியே இருந்த சினிமா நகரம். படப்பிடிப்பு நின்றுபோன கூடங்களில் எங்களை அடைத்தார்கள். இந்தக் குடும்பத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவில் தொங்கும் கம்பளிதான் சுவர். கதவு இல்லை, பூட்டு இல்லை, திருட்டுக்கு மட்டும் குறைவில்லை. கக்கூஸுக்குப் போனாலும் அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான் போவோம்.

பட்டாளத்துக் கம்பளியை வெட்டி நீவெஸ் கோட்டு தைப்பாள். முகாமில் பாதிப் பேர் உடம்பில் இருந்தது அவள் தைத்த கோட்டுதான். வாயும் சும்மா இருக்காது. பக்கத்துக் கம்பளிக்காரன் உலியானோ ஒருநாள், "என்னக்கா, பையே வெக்கல?" என்று கேட்டான். "பையில போட உங்கிட்ட என்னடா இருக்கு?" என்றாள்.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். எங்கள் கூரை ஒழுகுகிறது என்று கத்தியபோது கையை விரித்த அதிகாரிகள், இப்போது வண்டி வண்டியாகப் பலகை இறங்குவதைப் பல்லிளித்துக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் கூடத்துக்குப் பக்கத்திலேயே பலகையிலும் சுண்ணாம்பிலும் பழைய ரோமாபுரி எழுந்தது. அதை எரிக்கப்போகிறார்களாம். ஓடித் தப்பிக்கிற ஜனங்களாக நாங்கள் வேண்டுமாம்.

"ஓடறதையும் நமக்குச் சொல்லிக் குடுக்கணுமா?" என்றாள் நீவெஸ்.

உலியானோ நெட்டையாக இருந்ததால் அவனைப் போர்வீரனாக்கினார்கள். "தகர டப்பாவ மாட்டினதும் நெஞ்ச நிமித்துறான் பாரு" என்று அவனைச் சீண்டினாள். எங்களுக்குக் கோணித்துணி உடுப்பும், வைக்கோல் அடைத்த மூட்டையும் கொடுத்தார்கள். நாங்கள் வைக்கோலை உருவி எறிந்துவிட்டு எங்கள் சாமான்களை உள்ளே வைத்துக் கட்டினோம். ஆளில்லாத கூடத்தில் யார் விட்டுவிட்டு வருவார்கள்? நீவெஸ் மூட்டையில் மிஷின் இருந்தது.

உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினார். "தீ பிடிச்சதும் மூட்டையெல்லாம் கீழ போட்டுட்டு ஓடுங்க!"

தீ பிடித்தது. ஓடினோம். ஒருவரும் மூட்டையைப் போடவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அணைத்துக்கொண்டுதான் ஓடினோம். சொல்லி வைத்துச் செய்யவில்லை, கை விடவில்லை, அவ்வளவுதான்.

உதவி இயக்குநர் எகிறிக்கொண்டு வந்தார். "காது கேக்கலையா? உசிரு பெருசா, மூட்டை பெருசா?"

"மூட்டைதான்யா உசிரு" என்றாள் நீவெஸ். "நீங்களும் ஒருவாட்டி ஊர விட்டு ஓடிப் பாருங்க, தெரியும்."

அதை அவர் மொழிபெயர்த்துச் சொன்னதும் இயக்குநர் சிரித்தார். போர்வீரர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எங்களிடம் மூச்சு விடவில்லை. படுபாவிகள்!

மூன்றாவது தடவை புகைக்குள்ளிருந்து போர்வீரர்கள் எதிரே வந்து மூட்டைகளைப் பிடுங்கினார்கள். நீவெஸிடம் வந்தவன் உலியானோ.

"டேய், நான்தான்டா! உள்ள மிஷின்டா! என் மிஷின்!"

அவனுக்குக் கேட்டது. பக்கத்தில் ஓடிய எனக்கே கேட்டது. அவன் பிடுங்கி எறிந்தான். மூட்டை படிக்கட்டில் மோதிய சத்தத்திலேயே புரிந்துவிட்டது. நீவெஸ் அவன் தலைக்கவசத்தின் வாரைப் பிடித்து இழுத்து அறைந்தாள், இன்னொன்றும் அறைந்தாள். பிறகு மண்டியிட்டு மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினாள். வார்ப்பிரும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. காமிரா நிற்கவே இல்லை.

எல்லாம் முடிந்து இயக்குநர் வந்து அவள் தோளைத் தட்டினார். "பிரமாதமா நடிச்சியாம், சொல்றாரு" என்றார் உதவி இயக்குநர்.

முறையிடப் போன இடத்தில், "சொந்த மூட்டைய யாரும்மா எடுத்துட்டு வரச் சொன்னது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை தப்பு எங்களுடையது.

உலியானோ கம்பளிக்கு அந்தப் பக்கம் நின்று முனகினான். "நான் புடுங்கலேன்னா வேற ஒருத்தன் புடுங்கியிருப்பான்க்கா."

"அப்ப அவன அறைஞ்சிருப்பேன். நீ எதுக்குடா வந்த?"

மிஷினை ஒட்டவைக்க முடியவில்லை. அப்புறம் நீவெஸ் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். சலவைக் காரமும் கொதிநீரும் அவள் விரல்களைத் தின்றன. ஊசியில் நூல் கோக்கக்கூட விரல் மடங்காமல் போயிற்று.

படம் வந்ததும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். போனோம். ரோமாபுரி எரிந்தது. திரை முழுக்க நீவெஸின் முகம். போர்வீரன் மூட்டையைப் பிடுங்குகிறான். அவள் வாய் திறக்கிறது. வருவது அவள் குரல் இல்லை. எல்லாப் படத்துக்கும் செய்வதுபோல யாரோ ஒருத்தியைப் பேசவைத்துச் சேர்த்திருந்தார்கள்.

"என் குழந்தை! ஐயோ, என் குழந்தை!"

கொட்டகையே விம்மியது. பின்வரிசைப் பெண் மூக்கைச் சிந்தினாள். நீவெஸ் எழுந்து நின்றாள்.

"குழந்தை இல்ல, மிஷின்! அது என் தையல் மிஷின்! நான் அப்படிச் சொல்லல!"

"உக்காரும்மா! மறைக்குது!" என்று நாலா பக்கமும் அதட்டினார்கள். டார்ச் விளக்குக்காரன் வந்து எங்கள் இருவரையும் வெளியே தள்ளினான்.

அவள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். படம் விடும்வரை வாசலிலேயே நின்றாள். வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்து, "அது நான்தான். பாருங்க, நான்தான். அது மிஷின்" என்றாள். அந்தக் குழந்தைக்காக அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே, அவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனார்கள்.