வாசலுக்கு ஒரு நர்ஸ்

அருவங்காடு குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீடு புஷ்பவல்லி. கணவர் ஞானசேகரன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிளார்க். மனைவிக்கு நைட் டூட்டி என்றால் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும் நல்ல மனிதர். புஷ்பவல்லி குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மார்கழிக் குளிரில் குழந்தைகளுக்கு நரம்பே தட்டுப்படாது. அந்தச் சின்னக் கையைத் தன் உள்ளங்கையில் பொதிந்து சூடாக்கி, பேச்சுக் கொடுத்தபடியே ஊசியை ஏற்றிவிடுவாள். குழந்தைக்கு அழக்கூட நேரமிருக்காது.

இங்கிலாந்தில் நர்ஸுகளுக்குப் பஞ்சம் என்றார்கள். ஆங்கிலப் பரீட்சையில் தேறினால்தான் நம்மூர்ப் படிப்பு அங்கே செல்லுமாம். அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை என்றான் ஏஜென்ட். போனாள். ஊசி போடுவதில் தோற்றிருந்தால் நியாயம். கட்டுரை எழுதுவதில் திரும்பத் திரும்பத் தோற்றாள்.

கிழவர்களைக் குளிப்பாட்டினாள், தலை வாரிவிட்டாள், டீ போட்டுக் கொடுத்தாள். தேயிலைக்கு நடுவே பிறந்தவளை டீ போட அத்தனை தூரம் கூட்டிப் போனார்கள். யாருக்காவது ஊசி வேண்டுமென்றால் மணி அடித்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். இவள் தொடக் கூடாது.

"என் கை மறந்துருமோன்னு பயமா இருக்குதுங்க்கா" என்று போனில் அழுதாள். நாலாவது வருடம் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பழைய ஆஸ்பத்திரியில் டாக்டர் கருணாகரன் மாலை போடாத குறை. வாசலில் போர்டு வைத்தார்: 'இங்கிலாந்து அனுபவம் பெற்ற செவிலியர் ஆலோசகர்.' வெள்ளைக் கோட்டு, கண்ணாடி அறை. வசதியுள்ள நோயாளிகளின் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் வேலை. வார்டிலோ ஆளில்லை. இருந்தவர்களெல்லாம் இங்கிலாந்துக்குக் கிளம்பியிருந்தார்கள். வழியனுப்பு விழாவில் வாழ்த்திப் பேசியதும் இவள்தான்.

ஒருநாள் வார்டில் புதுப்பெண் ஒருத்தி நரம்பு கிடைக்காமல் ஒரு குழந்தையைக் குத்திக்கொண்டிருந்தாள். அலறல் கண்ணாடி அறைவரை வந்தது. புஷ்பவல்லி நேரே டாக்டரிடம் போய், கோட்டும் வேண்டாம் அறையும் வேண்டாம், என்னை வார்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்றாள்.

டாக்டர் மரியாதையாகத்தான் மறுத்தார். "நாலு வருசமா ஊசியே தொடலைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. உங்களை எப்படீங்க வார்டுல விடறது?"

"அப்ப வாசல்ல அனுபவம்னு எழுதியிருக்குதுங்களே?"

"அது வாசலுக்குங்க."

புஷ்பவல்லி கோட்டைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டுவிட்டு வார்டுக்கு நடந்தாள். டாக்டர் பின்னாலேயே ஓடினார். தடுக்கத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் குழந்தையின் கையைப் பொதிந்துகொண்டதும், ஆலோசகர் ஊசி போடுவதை வராந்தாவில் நிற்பவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார்.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கோட்டு மறுபடி அவள் தோளுக்கு வந்தது. அன்றிலிருந்து புஷ்பவல்லி நர்ஸாக இருப்பது, திரை மூடியிருக்கும்போது மட்டும்தான்.