கார் ஷெட்டுக்குள் வந்த ஆமை

அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டால் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கொடைக்கானல் போவார்கள், குற்றாலம் போவார்கள். நான் ஆஸ்திரேலியாவுக்குப் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊர் சுற்றவும் போகவில்லை. தங்கச்சிக்கு ஏழாம் மாதம், வளையல் போட்டுவிட நம்ம பக்கத்து ஆள் ஒன்று வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. பரளச்சியில் பஸ் ஏறவே ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கணும், பிளேன் எங்கே ஏற? "நீ போயிட்டு வாத்தா. என் நெஞ்சு இங்க கெடந்து அடிச்சுக்குது" என்று அழுதே அனுப்பிவிட்டாள்.

அடித்துக்கொள்ளாதா பின்னே? போன தடவை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை தவறிப்போயிற்று. என்ன காரணம் என்று டாக்டருக்கே தெரியவில்லை. எங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "அவுக இருக்கிற வீடு சரியில்ல" என்று ஒரே பிடி. அது வாடகை வீடு. தினமும் போனில் நச்சரிப்பு. தாங்கமாட்டாமல் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் லோனைப் போட்டு, டவுனைத் தாண்டிப் புது வீடு வாங்கிக் குடிபோனார்கள். "வீட்டுக்கும் பிள்ளைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று அம்மாவோடு சண்டைக்கு நின்றவள் நான். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் வேறு எப்படிப் பேசுவாள்?

போய் இறங்கினால் எல்லாம் தலைகீழ். மார்கழிப் பனிக்குக் காதை மூடிக்கொண்டு நான் குடியிருக்கிற பாளையம்பட்டியில் கிளம்பினேன். அங்கே சித்திரை மாதத்து வெயில் மண்டையைப் பிளந்தது. விடியும் முன்னே யாரோ மரத்தில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரிக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் ஒரு பறவை. ரோட்டோரப் புல்லில் ஆள் உயரத்துக்குக் கங்காரு நின்று என்னையே பார்த்தது. நம்ம ஊரில் மானோ பன்றியோ வெள்ளாமைக் காட்டில் இறங்கினால் தகரத்தைத் தட்டி விரட்டுவோம். இதை என்ன செய்ய? விரட்டவா, கும்பிடவா? "சும்மா நின்னு போட்டோ எடுக்கா" என்றாள் தங்கச்சி. எடுத்தேன். என் கட்டைவிரல்தான் பாதிப் படத்தை அடைத்திருந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. தங்கச்சி உள்ளே படுத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் சோறு கிண்ட அரிசி எடுக்கலாம் என்று கார் ஷெட்டுக்குள் போனேன். ஷட்டர் பாதி தூக்கியே கிடந்தது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என்னவோ நகர்ந்தது. நீளமாக ஒரு தலை ஆடியது. பாம்பு! ஆத்தாடி என்று துள்ளி ரெண்டு எட்டு பின்னால் போனேன். அப்புறம்தான் பார்த்தேன், பாம்புக்குப் பின்னால் ஒரு ஓடு இருந்தது.

பாம்பாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடித்து விரட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆமை வந்துவிட்டால் அவ்வளவுதான். அந்த வீட்டில் எதுவும் தங்காது, காலி பண்ணு என்பார்கள். வீட்டுக்குள் ஆமை வந்ததை நான் கண்ணால் கண்டதில்லை. பயம் மட்டும் சின்ன வயதிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறது போல.

முதலில் இது ஆமைதானா? ஆமைக்கு இவ்வளவு கழுத்தா? என்னைக் கண்டதும் தலையை உள்ளே இழுக்காமல் ஓட்டுக்கடியில் பக்கவாட்டில் மடித்து வைத்துக்கொண்டது. நான் போர்டில் வரைகிற ஆமை இப்படிச் செய்யாது. சரி, ஆமை என்றே வைத்துக்கொள்வோம். கார் ஷெட் வீட்டோடு சேர்த்தியா? நிலைப்படி தாண்டவில்லையே? நம்ம ஊர் சாத்திரம் கடல் தாண்டி இங்கே செல்லுமா? அடியே, பாடம் நடத்துகிறவள் யோசிக்கிற யோசனையா இது என்று என்னையே வைதேன். வைது என்ன? உள்ளே படுத்திருப்பவளின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது.

அவள் எழுந்திருப்பதற்குள் ஒழித்துவிட வேண்டும். துணிக்கூடையில் அதை அள்ளிப் போட்டேன். சனியன், சேலையெல்லாம் நனைய என்னவோ பீய்ச்சி அடித்தது. அப்படி ஒரு நாற்றத்தை நான் ஜென்மத்தில் மோந்ததில்லை. ஓட்டமாய் ஓடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். ஷெட்டுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறேன், ரோட்டைக் கடந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

"ஏ, அங்கிட்டுப் போ! சூ!" தமிழ் தெரியாதே என்று, "கோ! கோ!" என்றும் கத்திப் பார்த்தேன். கேட்டால்தானே. மறுபடி அள்ளினேன்.

"அக்கா, என்னக்கா பண்ற?"

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் நின்றாள். கூடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"ஒண்ணுமில்ல தாயி. பூனை."

பூனை கூடைக்கு வெளியே முழம் கழுத்தை நீட்டியது.

பிறகு நான் என்னென்ன உளறினேன் என்று எனக்கே தெரியாது. இது ஆமையே இல்லை, வேற என்னமோ. வீட்டுக்குள்ளயும் வரல, ஷெட்டோட சரி. மஞ்சத்தண்ணி தெளிச்சுருவோம். அம்மா காதுக்குப் போக வேண்டாம், போனா இன்னைக்கே வீட்டை மாத்தச் சொல்வா. நீ பயப்படாத, நீ பயந்தா அது பிள்ளைக்கு ஆகாது. பேசப்பேச எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் முகத்தில் பயத்தைத் தேடினேன். இல்லை. அது என்னை இன்னும் குழப்பியது.

"மழை பெஞ்சா வரும்க்கா. வீட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டை இருக்கு, அங்க போகுது. மாசமானதுலருந்து பாக்குறேன். ஷட்டரையும் ஷெட்டுப் பின்கதவையும் தெறந்து வச்சிருவேன், இது பாட்டுக்கு நொழைஞ்சு போயிரும். இன்னைக்குத் தூங்கிப்போயிட்டேன், பின்கதவு சாத்திக் கெடக்கு."

"தெறந்து விடுறியா? ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? ஆமைன்னு தெரிஞ்சேவா?" நான் கத்திய கத்தில் அது கழுத்தை மடக்கிக்கொண்டது. "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுச் செய்ற காரியமாடி இது?"

அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த வாடகை வீட்டுக்குள்ள எதுவுமே வரலையேக்கா" என்றாள்.

கூடையைத் தரையில் இறக்கிவிட்டு, நாறுகிற கையோடு போய்ப் பின்கதவைத் திறந்தேன்.