மேல்தட்டு வலப்பக்கம்

வட்டுக்கோட்டையில் கேதீஸ்வரி இருக்கும் ஒழுங்கையிலோ அடுத்த ஒழுங்கையிலோ ஒரு பெண் செத்துப்போனால், பந்தல்காரனுக்கும் குருக்களுக்கும் சொல்லியனுப்புகிற கையோடு கேதீஸ்வரிக்கும் சொல்லியனுப்புவார்கள். குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட அவள் வேண்டும். கூலிக்குப் போகிற வேலை அல்ல அது. கூப்பிட்டால் போவாள், கூப்பிட மறந்தாலும் போய் ஓரமாக நிற்பாள், பிறகு அவர்களாகவே கூப்பிடுவார்கள். விறைத்துப்போன உடம்பில் முன்மடிப்புக் கொய்யகம் பிடித்து, பட்டு நழுவாமல் கட்டிவிடுவது எல்லாருக்கும் கைவராது. அவளுக்குக் கைவந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்குள் நாற்பது பேருக்கு மேல் உடுத்தி அனுப்பியிருக்கிறாள்.

அந்த வேலையில் அவளுக்கு வயிற்றெரிச்சலைத் தந்தது சாவு அல்ல, அலுமாரி. புருஷன் உயிரோடிருக்கச் சாகிறவளைக் கூறைச்சேலை உடுத்தித்தான் அனுப்புவார்கள். அந்தக் கூறையைத் தேடினால் கிடைக்காது. செத்தவளுடைய அலுமாரியைத் திறந்தால் சேலைகள் தலையில் வந்து விழும். மகள் ஒரு தட்டைக் கிளறுவாள், மருமகள் ஒரு தட்டைக் கொட்டுவாள், இடையில் யாரென்றே தெரியாத ஒருத்தியும் கை விடுவாள். உயிரோடிருந்தபோது ஒருவர் கண்ணிலும் காட்டாத கிழிந்த உள்பாவாடைகள் நிலத்தில் பரவிக் கிடக்கும். குளிப்பாட்டிய உடம்பு துணியால் மூடியபடி காத்துக்கிடக்கும். கேதீஸ்வரிக்கு அந்தப் பெண்ணுக்காக வெட்கமாக இருக்கும்.

அவளுடைய அம்மாவுக்குக் கிளறுவதற்குக்கூட ஓர் அலுமாரி இருக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது அம்மாவின் கூறை வீட்டிலேயே கிடந்துவிட்டது. மூன்றாம் மாதம், சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், காய்ச்சலில் அம்மா இறந்துபோனார். அப்பா உயிரோடு பக்கத்தில் இருந்தார். முன்பின் தெரியாத ஒருத்தி தன் நீல நைலெக்ஸ் சேலையைக் கொடுத்தாள். அதை உடுத்தித்தான் அனுப்பினார்கள். கொடுத்தவள் புண்ணியவதி, அவளை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனாலும் கேதீஸ்வரிக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே அவளுடைய அலுமாரி அந்த ஒழுங்கையில் ஓர் அதிசயமாக இருந்தது. நான்கு தட்டு. அடித்தட்டில் செத்த வீட்டுச் சேலைகள் மூன்று. அவை மற்ற எதனோடும் முட்டக்கூடாது. கிணற்றடியில் தோய்த்துக் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள்ளேயே வரும். அதற்கு மேலே வீட்டில் போடுகிற சோட்டிகளும் புருஷனுடைய உடுப்புகளும். மூன்றாவதில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கட்டுகிற சேலைகள், ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் அதனதன் சட்டை. மேல்தட்டு வலப்பக்கத்தில் கூறை. அரக்கு நிறம், கையகலச் சரிகை, எண்பத்தொன்பதில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. இடம்பெயர்ந்தபோது அரிசிக்கும் மேலாக அதைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். தை பிறந்தால் அதை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில் வெடித்துவிடும்.

புருஷன் குகதாசன் வெங்காயத் தோட்டக்காரர். மண்ணைப் பார்த்தே ஈரம் சொல்லுவார். அலுமாரிக்கு முன்னால் நின்றால் குழந்தைப்பிள்ளை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சேட்டை உருவுவார், மேலே உள்ளது சரிந்தால் அது அலுமாரியின் குற்றம். "இஞ்சேரும், என்ரை வெள்ளைச் சேட்டு எங்கை?" என்ற கேள்வியை முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டார். அவளும் முப்பத்தைந்து வருஷமாக எடுத்துக் கொடுத்து அவரைப் பழுதாக்கி வைத்திருந்தாள்.

போன ஆவணியில் அவளுடைய இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சோதித்தார்கள், ஊசி குத்திப் பார்த்தார்கள். ஒரு மத்தியானம் தோட்டத்துக்கு நேராகப் போய், இறைத்துக்கொண்டு நின்ற புருஷனிடம், "தெல்லிப்பழைக்குத் துண்டு தந்திருக்கினம்," என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரின் பெயரே நோயின் பெயர் ஆகிவிட்டது. குகதாசன் மோட்டரை நிறுத்தினார்.

"எப்ப போகவேணும்?"

"மூண்டு கிழமை இருக்கு."

அந்த மூன்று கிழமையும் அவள் அலுமாரியோடுதான் இருந்தாள். கனடாவில் இருக்கிற மகன் லோஜன் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு, "அம்மா, ரெஸ்ற் எடுங்கோ," என்றான். அவள் ஓம் ஓம் என்றபடியே ஒரு கையால் சேலை மடித்தாள். குகதாசனுடைய உடுப்புகளை அவர் கண் மட்டத்துக்கு ஏற்றினாள். அவரைக் கூட்டிவந்து நிறுத்திப் பாடம் எடுத்தாள்.

"சாரம் இடப்பக்கம். தோட்டச் சேட்டு நடுவிலை. வெளியிலை போற சேட்டு இதிலை. விளங்குதோ?"

"ஓம்."

"எங்கை, திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

"ஓம்," என்றார் குகதாசன்.

தனக்குத் திரும்பி வரும்போது உடுக்க, கழுவிக் கழுவி மெதுமையான ஒரு பருத்திச் சேலையையும், முன்பக்கம் பொத்தான் வைத்துத் தொளதொளவென்று தைத்த ஒரு சட்டையையும் நீலப் பையில் போட்டு மூன்றாம் தட்டில் வைத்தாள். கூறையை அதற்குரிய சட்டையோடும் பாவாடையோடும் ஒரு வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, மேல்தட்டு வலப்பக்கத்தில், திறந்ததும் கையில் படுகிற மாதிரி வைத்தாள். ஒருத்தரும் ஒன்றையும் கிளறத் தேவையில்லை. அதைப் புருஷனிடம் சொல்லிவிடத்தான் வேண்டும். மூன்று தரம் வாயெடுத்தாள். விளக்கு வைக்கிற வீட்டில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சொல் வரவில்லை. கடைசியில் பக்கத்து வளவில் இருக்கும் அவருடைய தங்கச்சி உதயகலாவிடம் சொன்னாள். "விசர்க்கதை கதையாதையுங்கோ மச்சாள்," என்று உதயகலா ஏசினாள். ஏசிவிட்டு, எந்தத் தட்டு என்பதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

புருஷனிடம் இவ்வளவுதான் சொன்னாள்: "மேல்தட்டு வலப்பக்கத்திலை வெள்ளைத் துணியிலை ஒண்டு சுத்தி வைச்சிருக்கிறன். கலா கேட்டால் எடுத்துக் குடுங்கோ. நான் வீட்டை வரேக்கை உடுக்கிறது நீலப் பையிலை."

"கலாவுக்கு என்னத்துக்கு?"

"அவவுக்குத் தெரியும்."

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மார்பை எடுத்துவிட்டார்கள், கைக்குழியிலும் சுரண்டி எடுத்தார்கள். அடுத்த கட்டிலில் அரியாலையிலிருந்து வந்த பத்மாவதி படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு கிழமை முந்தி இதே வெட்டு. இரண்டு பேரும் காயத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, வீட்டில் ஆண்கள் என்ன சமைக்கிறார்கள் என்று கதைத்தார்கள். மூன்றாம் நாள் குகதாசன் செத்த வீட்டுக்குப் போடுகிற சாம்பல் நிறச் சேட்டைப் போட்டுக்கொண்டு பார்க்க வந்தார். கேதீஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கவும் முடியவில்லை, தையல் இழுத்தது.

பத்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். குகதாசன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைமயிர் வெட்டி, ஒரு பையோடு வந்து வாட்டு வாசலில் நின்றார். பை நீலமில்லை. அவள் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துணிச் சுற்று.

"இதை ஆர் எடுத்துத் தந்தது?"

"நான்தான். நீலப் பையைப் பாத்தன், உள்ளுக்கை பழஞ்சேலை. தெல்லிப்பழையாலை எழும்பி வாறீர், அதைக் கட்டிக்கொண்டோ வீட்டுக்குள்ளை வாறது? பிறகு மற்றதை அவிட்டன். எங்கடை கூறை." தானாகவே ஓர் உடுப்பைத் தேடி எடுத்துவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது. அந்த முகத்தில் அவள் பத்து நாளாகச் சிரிப்பைக் காணவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் உடுத்திவிட்ட நாற்பது வீட்டுக்கும் அவர் வந்திருக்கிறார்தான். ஆனால் ஆண்கள் முற்றத்துப் பந்தலுக்குள் கதிரை போட்டு வெங்காய விலை கதைப்பார்கள். பெண்கள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெட்டியில் வளர்த்திய பிறகு வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, என்ன சேலை, ஏன் அந்தச் சேலை என்று என்ன தெரியும்?

திரையை இழுத்துவிட்டு, உதவிக்கு வந்த பத்மாவதி துணியை அவிழ்த்தாள். கூறையைக் கண்டு முதலில் சிரித்தாள். பிறகு சட்டையைத் தூக்கினாள், சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையின் முதுகு, கழுத்திலிருந்து அடிவரைக்கும் நேராக வெட்டப்பட்டிருந்தது. விறைத்த கை சட்டைக்குள் மடங்கிப் போகாது. முதுகை வெட்டி, முன்பக்கத்தால் இரண்டு கையையும் நுழைத்து, மிச்சத்தை உடம்புக்குக் கீழே செருகிவிடுவார்கள். அவசரத்தில் யாராவது கோணலாக வெட்டுவார்களே என்று கேதீஸ்வரி தானே கத்தரிக்கோல் பிடித்து வெட்டி வைத்திருந்தாள்.

பத்மாவதிக்கும் இது தெரிந்த விஷயம். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குத் தெரியாது," என்றாள் கேதீஸ்வரி.

"சொல்லுவமோ, அக்கா? வேறை ஏதும் எடுத்து வரட்டும்."

கேதீஸ்வரி திரை இடுக்கால் வாசலைப் பார்த்தாள். குகதாசன் அங்கே நின்று, போகிற வருகிற நேர்ஸ்மாருக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தார். "வேண்டாம். போட்டுவிடும்," என்றாள்.

அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஆனால் அந்தச் சட்டைக்குக் கை எழும்பத் தேவையில்லை. முன்பக்கத்தால் ஏறியது, நோவே இல்லாமல். இவ்வளவு லேசாக எத்தனை பேருக்குப் போட்டுவிட்டிருக்கிறேன் என்று நினைத்தாள், அப்போது அவளுக்குப் பயம் பிடித்தது. சவத்துக்கென்று எடுத்து வைத்ததற்குள் உயிரோடு புகுந்துவிட்டோம், இது எங்கே கொண்டுபோய் விடுமோ? பத்மாவதி முதுகுப் பிளவை ஐந்து பின் குத்திப் பிடித்தாள். கேதீஸ்வரி வாயால் சொல்லச் சொல்லக் கொய்யகம் வைத்தாள். கடைசி மடிப்பைச் செருகும்போது பத்மாவதியின் கண்ணீர் பட்டில் விழுந்தது. அவள் அவசரமாகத் துடைத்தாள்.

அளவெட்டி, சங்கானை என்று ஓட்டோ ஓடியது. சங்கானைச் சந்தையடியில் சனம் திரும்பிப் பார்த்தது. தலை வாராத, முகம் வெளிறிய ஒரு பெண் கூறை உடுத்திப் போவதை அவர்கள் முன்பு பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுப் படலையில் ஆலாத்தித் தட்டோடு நின்ற உதயகலா, சேலையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அண்ணையைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள், "வாங்கோ மச்சாள்," என்று மட்டும் சொன்னாள்.

சேலையைக் கழற்ற அவளுக்கு உதவி வேண்டியிருந்தது. குகதாசனே வந்தார். முதுகில் முதல் பின்னை எடுத்தார், இரண்டாவதை எடுத்தார்.

"இதென்ன, கிழிஞ்சு போச்சோ?" விரலால் தடவிப் பார்த்தார். "இல்லை. வெட்டியிருக்கு."

தையல்காரி பிழைவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. "உடுத்திவிடுறவைக்கு லேசாயிருக்கட்டுமெண்டு நான்தான் வெட்டினனான்," என்றாள்.

அவர் கை நின்றது. பிறகு கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"கலா கேட்டால் குடுக்கச் சொன்னது..."

"ஓம்."

"அதையோ நான் கொண்டு வந்து உம்மை உடுக்க வைச்சனான்."

"ஓம்."

மூன்று கிழமையாகச் சொல்ல முடியாமல் போனதை அவள் அப்போது சொன்னாள். அம்மாவையும் நீலச் சேலையையும் சொன்னாள். தன் அலுமாரியைக் கண்ட கண்டவர்களும் கிளறக்கூடாது என்றாள். திரும்பவும் அந்த நோய் வரலாம் என்று டொக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிந்ததும் அவளுக்குச் சோட்டியைக் கவனமாக மாட்டிவிட்டு, வெட்டின சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஊசிநூல் எங்கை?" என்று கேட்டார்.

சொன்னாள். வெங்காயச் சாக்கு பொத்துகிற கைதான் அவருக்கு. வெள்ளை நூலைக் கோத்து, அரக்குத் துணியின் முதுகைக் கழுத்திலிருந்து அடிவரைக்கும் சாக்குத் தையலாக இழுத்து இழுத்துப் பொத்தினார். பார்க்கவே சகிக்காது. நல்ல தையலைக் கண்டால் உயிரை விடுகிற கேதீஸ்வரி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில்தான், "எப்பவோ ஒருநாள் திரும்ப வெட்டத்தானே வேணும்," என்றாள்.

"வெட்டுறவை அப்ப வெட்டட்டும்," என்றார் குகதாசன், நூலுக்கு முடிச்சுப் போட்டபடி. "இப்ப உள்ளுக்கை ஆள் இருக்கு."