வெள்ளிக்கிழமை வருவான் என்று சொல்லிக் காத்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் மல்லாபூர் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றியவன். எழுத வேறு ஆள் இருந்தால் நல்லது. ஆனால் அண்ணன் கடைசிவரை பயந்தது எனக்காக. அதனால் நானே எழுதுகிறேன்.

அண்ணன் குடியாத்தத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. ஹைதராபாத் வந்து மல்லாபூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார், ஃபிட்டராக ஓய்வு பெற்றார். இரண்டு விரல் நுனி மிஷினில் போனபோதுகூட, கட்டுப்போட்டுக்கொண்டு மறுவாரம் வேலைக்குப் போனவர். அரசாங்கக் காகிதம் என்றால் மட்டும் நடுங்குவார்.

அதற்குக் காரணம் உண்டு. இங்கே முதன்முதலாக ஓட்டுப் போடப் போன அன்று, அவருடைய ஓட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரோ காலையிலேயே அவர் பெயரில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "நான் இங்க கீறேன், என் பேருல இன்னொருத்தன் கீறானாம்" என்றார். அன்று சாப்பிடவில்லை. குடியாத்தத்து வாக்காளர் பட்டியலில் பெயரை எடுத்துவிட்டார்கள், இங்கேயும் எடுத்துவிட்டால் நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பார்.

பிறகு தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்ததில் மல்காஜ்கிரி என்று புது மக்களவைத் தொகுதி உண்டாயிற்று. அப்போது அண்ணன் தம் வீட்டு முகவரியில் என் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். நான் ராய்ச்சூர் பக்கம் துளை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கென்று எந்த ஊரிலும் ஒரு காகிதம் கிடையாது. பட்டியலைச் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் ஒருவர் வருவார். "தம்பி இங்கேதான் இருக்கிறான், வேலைக்குப் போயிருக்கிறான், வெள்ளிக்கிழமை வந்துவிடுவான்" என்று அண்ணன் அவரிடம் தெலுங்கில் சொல்வார். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷம் ஜெயில் என்று கம்பெனியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டால் அண்ணன் எழுந்திருக்க மாட்டார், அண்ணி முகத்தைப் பார்ப்பார். ஆனாலும் சொன்னதை ஒருமுறைகூட மாற்றவில்லை.

ஓட்டுப் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அடுத்த பயம். அதனால் தேர்தல் தேதி வந்ததும் எனக்கு போன் வரும். இந்தத் தொகுதியின் தேர்தல் வரலாறும் நான் வீட்டுக்கு வந்த வரலாறும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு தேர்தல், நான்கிலும் வேறு வேறு ஆட்கள் ஜெயித்தார்கள். முதல் தேர்தலில் எங்கள் சாவடி எதுவென்று தெரியாமல் மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கினோம். அண்ணன் சட்டை நனைந்துவிட்டது. இரண்டாவது, மாநிலம் பிரிகிற நேரம். வரிசையில் நிற்கும்போது, "டேய், தமிழ்ல பேசாத, வெளியூருன்னு அனுப்பிடப் போறாங்கோ" என்றார். இருவரும் அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டோம். முன்னால் நின்றவர் திரும்பி, "இன்னா சார், குடியாத்தமா? நாங்க பேரணாம்பட்டு. இங்க உங்க பின்னாடித் தெருவுலதான் கீறோம்" என்றார். அண்ணன் அன்று ஒரே ஒருமுறை சிரித்தார்.

மூன்றாவது தேர்தலுக்கு நான் வரவில்லை.

காலையில் போன் வந்தது. "எங்கடா கீற?"

"நாந்தேடு பக்கம்ண்ணா. பைப்பு உள்ள மாட்டிக்கிச்சு."

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடறேன்ண்ணா." வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி மேஜை போட்டிருந்த கட்சிக்காரர் ஒருவர் அண்ணனைச் சீண்டியிருக்கிறார். ஹைதராபாத்திலேயே ஊறிய பழைய தமிழ்க் குடும்பத்து ஆள். பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும்: கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். "கைக்கு டென்ஷன் அண்ணா? உங்க தம்பி வரலைன்னா நம்ம ஆளு ஒருத்தன் போட்டுட்டு வந்துருவான். ஹவ்னு சொல்லுங்க, போதும்."

"நக்கோ பாய். அவன் வந்துகினு கீறான்."

விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். அண்ணனுக்கு முதல் ஓட்டு நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் விரட்டினால் எழுந்து போவார், அவர் திரும்பியதும் வந்து உட்காருவார். தெரியாத முகம் உள்ளே போனால், என் பெயரைச் சொல்லிவிடுவானோ என்று எழுந்து நிற்பார். கேட்டைச் சாத்தும்வரை அங்கேயே இருந்தார். அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. அண்ணிதான் பின்னால் சொன்னார்கள்.

நான்காவது தேர்தலுக்கு முதல் நாளே வந்துவிட்டேன். அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகிக் கால் வீங்கியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம். திரும்பும்போது என் விரலைப் பிடித்து மையைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு வருஷம் எடுக்க மாட்டாங்கோ" என்றார். அதன் பிறகு ஓராண்டுகூட அவர் இருக்கவில்லை.

போன மாதம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதே அங்கன்வாடி டீச்சர். அண்ணன் காலமானதைச் சொன்னேன். பெயரை நீக்க, பட்டியலில் உள்ள யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அண்ணன் மகளுடைய ஓட்டு மாதாப்பூரில், வேறு தொகுதியில் இருக்கிறது. அண்ணி, "என் கையால அவர் பேர எடுக்க மாட்டேன் தம்பி" என்று உள்ளே போய்விட்டார்கள். மீதி நான்தான். எந்தப் பெயரை அவர் வெயிலில் உட்கார்ந்து காத்தாரோ அந்தப் பெயரை எழுதி, அவர் பெயரை எடுக்கச் சொன்னேன்.

அடுத்து டீச்சர் என் பெயரில் விரலை வைத்தார். "சுக்ரவாரம் தம்முடு மீரேனா?" என்றார். வெள்ளிக்கிழமைத் தம்பி நீங்கள்தானா என்று கேட்கிறார். இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. "இப்போதாவது இங்கே இருக்கிறீர்களா?" என்றார். மறுநாள் நிஜாமாபாத் வருவதாக வண்டி முதலாளியிடம் சொல்லியிருந்தேன். பேனாவோடு அண்ணி போன பக்கம் பார்த்தேன். அண்ணன் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நின்றிருப்பார். இருக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நாற்காலியைத் தூக்கிய பேரணாம்பட்டுக்காரருக்கும், மருத்துவமனையில் முறைவைத்து உட்கார்ந்திருந்த பம்பு கம்பெனித் தோழர்களுக்கும், இதைத் தட்டச்சு செய்யத் தமிழ் எழுத்து கற்றுக்கொண்ட அண்ணன் மகளுக்கும், தெரிந்தும் பெயரை எடுக்காமல் விட்ட டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நிஜாமாபாத்துக்கு நான் போகவில்லை. எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போது கதவு தட்டினால் எழுந்து போவது நான்தான்.