முறை கேட்டுவிட்டுச் செய்யும் கேலி

இங்கே ஜெர்மனியில் ஒவ்வொரு வீட்டு அழைப்புமணிக்குப் பக்கத்திலும் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கிறது. எங்கள் கட்டடத்துப் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆள் ஒருவரையும் தெரியாது. அதே ஆட்கள் இந்த ஊர்த் தாய்மார்களின் இணையக் குழுவில் பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். வியாழக்கிழமை எந்தப் பூங்காவில் குழந்தைகளோடு கூடுவது என்பதும் அதில்தான் வரும். எனக்கும் என் கைக்குழந்தை நிலாவுக்கும் இந்த ஊரில் திறந்திருந்த ஒரே கதவு அது.

நிலா சாப்பிட மறுத்த வாரம், பயந்துபோய் நம் திண்டுக்கல்காரர்களின் இணைய மன்றத்தில் புனைபெயரில் கேட்டேன். ‘குஜிலி வெயில்’ என்ற புனைபெயரில் ஒருவர் பதில் எழுதினார். ஆணா பெண்ணா, இன்றுவரை தெரியாது.

“நீங்க எனக்குத் தங்கச்சி முறையா, மதினி முறையா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

மதினி என்றேன்.

“அப்பச் சரி. ஏ மதினி, புள்ள மேல பழி போடாத. நீ வச்ச வெஞ்சனத்த நீ தின்னு பாத்தியா? பல்லு மொளைக்கிற நேரமா இருக்கும். செத்த பொறு, திங்கும்.”

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர் நிலக்கோட்டையில் பூ ஏற்றும் வேனுக்குக் காத்து நிற்கும்போது நானும் அண்ணன் மனைவியும் இப்படித்தான். “ஒங்க கொழம்பக் குடிச்சுத்தேன் எங்கண்ணன் எளைச்சுப்போச்சு” என்பேன். “ஒன்னையக் கட்டப்போறவன் கதிய நெனச்சுப் பாருடி” என்பார் மதினி. இதையே கூடப்பிறந்த அக்காவிடம் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். அவளுக்கு அந்த முறை இல்லை.

இது தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்தச் சிரிப்பின் தெம்பில், இங்குள்ள குழுவில் ‘நீலக்குடை’ என்ற பெண் வீட்டில் தன் மகன் எதையும் சாப்பிடுவதில்லை என்று வருந்தியபோது, “முதலில் உங்கள் சமையலை நீங்கள் சாப்பிட்டுப் பாருங்கள்” என்று எழுதிவிட்டேன். மாடரேட்டர் அதை அழித்தார். தனிநபர் தாக்குதலாம், இன்னொரு முறை செய்தால் நீக்கம். நம் ஊரென்றால் எதிரில் இருப்பவர் முகம் வாடியதுமே பேச்சை மாற்றியிருப்பேன். என்னைப் போலவே பயந்த ஒரு தாயை அழவைத்துவிட்டேனோ? நிலாவின் கதவை நானே அடைத்துவிட்டேனோ?

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எங்கள் பக்கம் கேலி செய்வதற்கு முன் உறவு கேட்க வேண்டும், ‘மதினி’ என்றால் எதுவும் பேசலாம், நான் கேட்காமல் பேசிவிட்டேன் என்றேன். நீலக்குடையிடமிருந்து ஒரே வரி வந்தது: “மதினி ஆக நான் என்ன செய்ய வேண்டும்?” கோபமா, விளையாட்டா? பலமுறை படித்தும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை போகலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் போனேன். அங்கிருந்த ஒரே கறுத்த முகம் என்னுடையது, கண்டுபிடிப்பது கடினமில்லை. மணல்தொட்டியருகே உயரமான ஒருத்தி எழுந்து வந்து, ஒரு டப்பாவைத் திறந்து, கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

“என் சமையல். நீ சாப்பிட்டுப் பார்.”

உருளைக்கிழங்கு மசியல். வாயில் வைத்தேன். அவள் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தப் புது முகத்தைப் பார்க்கக் கிடைத்ததற்கே மனம் நன்றி சொன்னது.

“உப்பு போட மறந்துவிட்டாயா, மதினி?” என்றேன். அந்த வாக்கியம் முழுவதும் ஜெர்மன். கடைசிச் சொல் மட்டும் நிலக்கோட்டை.