நீர்க்கோழிகள் ஒதுங்காத பெஞ்சு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எங்கள் தெருவில் குடியிருக்கும் காவலாளிக்குக் கதை கட்டும் அளவுக்குக் கற்பனை கிடையாது. அதனால் இது நடந்ததுதான்.

ஊருக்கு நடுவே பறவைகளுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் குளத்தில் அவருக்கு வேலை. பகலில் ஜனங்கள் நடக்கலாம், உட்காரலாம். இருட்டினால் குளம் பறவைகளுக்கு மட்டும். பூட்டுமுன் கரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நம் ஆள் சுற்றமாட்டார். விசில் ஊதிவிட்டு வாசலிலேயே நிற்பார். மனித வாடை இருந்தால் நீர்க்கோழிகள் நாணலைவிட்டு வெளியே வராது. அவை பாதையில் ஏறி மேய்ந்தால் உள்ளே ஆளில்லை என்று கணக்கு. சோம்பேறித்தனத்திலும் ஒரு சாமர்த்தியம்.

அவர் மனைவியும் தினம் அங்கே நடப்பாள். முடிந்ததும் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். அன்று அவளைக் காணோம். நீர்க்கோழிகள் பாதைக்கு வந்துவிட்டன. முன்னாலேயே போயிருப்பாள் என்று பூட்டினார்.

"என்னங்க... என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே."

எதிர்க்கரை பெஞ்சில் மனைவி. தினம் நடக்கப் போட்டுவரும் அதே நீல ஸ்வெட்டர். குரல் மட்டும் காதருகே கேட்டது.

"ஊருக்கே கேட்ட விசில் உனக்குக் கேக்கலையா?"

"எழுந்திருக்க முடியல. வந்து கூட்டிட்டுப் போங்க."

பூட்டைத் திறந்து ஓடினார். நீர்க்கோழிகள் அவரைக் கண்டு சிதறின. க்ரக்... க்ரக்...

அவள் காலடியில் இருந்தவை நகரவில்லை. அவள் பாதத்தின்மேல் ஏறி மேய்ந்தன.

கையைப் பிடித்தார். ஈரம்.

"தண்ணில விழுந்தியா?"

அவள் எழுந்து அவரோடு நடந்தாள்.

வாசல் வரை அவர் செருப்புச் சத்தம் மட்டும்...

வெளியே வந்தார்கள். பூட்டினார். க்ளிக்.

திரும்பினார்.

ஆளில்லை.

அங்குமிங்கும் தேடி அலைந்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி காலை நீட்டி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலி. இன்னைக்கு நான் நடக்கவே வரலியே."

கதவைத் தாழிட்டார். ஜன்னல்களையும்.

மறுநாள் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, வீட்டுல சண்டையா? நேத்து அண்ணி வந்து உங்க வீடு எதுன்னு என்கிட்டயே கேக்கறாங்க."

"நீ... என்ன சொன்ன?"

"கை காட்டினேன். நேரா உள்ள போனாங்க. அதுக்கப்புறம்தான் நீங்க ஓடி வந்து கதவைச் சாத்தினீங்க."